மூன்று தண்ணீரில் அலசிய பாயல்

அன்று எங்கள் வீட்டுப் பின்புறத்தில், கால்வாய்க் கரையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். பக்கத்து வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் திருநெல்வேலிக்காரர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். முனையில் சாயாக்கடை வைத்திருக்கும் சேட்டன், காலித் தம்ளர்களை எடுத்துப் போக வந்தவர். கால்வாயைச் சுத்தம் செய்ய வந்திருந்த குழுவில் வேலை பார்த்த ஒரு பெண். வேறு யாரும் இல்லை. இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு விசாரித்தபோது, அந்த ஆறு பேரில் நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன் என்பதுபோல் ஆகிவிட்டது.

மட்டாஞ்சேரியில் நான் சாக்குத் தைக்கிறவன். சுக்கும் மிளகும் கட்டிவரும் சாக்குகள் கிழிந்தால் குடோன்காரர்கள் எங்கள் கடைக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்பிலேயே விட்டுவிட்டேன். தமிழ் எழுத்து மறந்து போகாமல் இருப்பதே போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் வரும் சாக்குகளின் மேல் அச்சடித்திருப்பதை வாசித்து வாசித்துத்தான். கால்வாய்க்குழு வந்தபோது எனக்கும் கொஞ்சம் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் குழாய்களைச் சதுரமாகப் பூட்டி, அடியில் வலை கட்டி, அதில் செடியை மிதக்கவிட வேண்டும். அந்த வலைகளைத் தைத்துக் கொடுத்தவன் நான்தான்.

கால்வாய் அப்போது இருந்த நிலையைச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் எழுந்து போய்விடுவார். வீட்டுச் சாக்கடை, மீன் கழுவின தண்ணீர், மேலே இருந்த பட்டறையின் எண்ணெய் எல்லாம் அதில்தான். வேலியேற்றத்தில், அதாவது கடல் ஏறிக் காயல் தண்ணீரை உள்ளே தள்ளும்போது, அத்தனையும் எங்கள் பின்வாசல் படியில் வந்து நிற்கும். குழு அதில் ஆகாயத்தாமரையையும் அசோலா என்ற பொடி இலைச் செடியையும் விட்டது. தண்ணீரில் மிதக்கிற எதுவாக இருந்தாலும் எங்கள் ஊரில் பாயல்தான். மழைக்கு முன்னால் விட்ட பாயல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டம் நிறைந்து வழிந்தது.

அன்று பேச்சைத் தொடங்கியவர் அண்ணாச்சி. "இம்புட்டுப் பச்சையா வளருதே, ரெண்டு ஆடு வாங்கி விட்டா தின்னே கொழுக்குமே" என்றார்.

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். மலையாளி அவள், எங்கள் தெருவில் நடந்து நடந்து தமிழ் பேசப் பழகியிருந்தாள். "வேண்டாம் அண்ணாச்சி. இது வெள்ளத்தில, இந்தத் தண்ணியில, உள்ள அழுக்கைக் குடிச்சுத்தான் வளருது. இதை மிருகத்துக்குக் குடுக்கவே கூடாது, கேட்டோ? வாரி எடுத்துக் குழியில போட்டு மூடணும். ஆட்டுக்கு வேணும்னா அசோலாவை வேற நல்ல தண்ணியில வளர்க்கலாம். தார்ப்பாய் விரிச்சு ஒரு தொட்டி கட்டினா போதும்."

அப்போது மச்சான் எழுந்து நின்றார். அவரிடம் ஒரு பெட்டி ஆட்டோ உண்டு. கால்வாயில் பெருகும் பாயலை வாரிக் குழிக்குக் கொண்டுபோகும் வேலையைக் குழு அவருக்குத்தான் கொடுத்திருந்தது. பள்ளுருத்தியில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது.

"மாப்ளே, தொட்டியை நான் கட்டுறேன். பச்சை என்னது, ஆடு உன்னது. பக்ரீத்துக்கு வித்து ஆளுக்குப் பாதி. என்ன சொல்றே?"

எனக்கு உடனே கவலை வந்துவிட்டது. எனக்கு எதற்கும் அப்படித்தான். "மச்சான், இந்தக் கால்வாய்ப் பாயல் அதுல தப்பித்தவறி..."

"ஒரு இலை வராது. என் தொட்டிப் பச்சைதான் உன் ஆட்டுக்கு வரும். இது என் வாக்கு. போதுமா? இத்தனை பேர் சாட்சி."

"இவரு கவலைப்படறதுக்கு யாராவது சம்பளம் கொடுத்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பாரு" என்று என் மனைவி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சேட்டன் சிரித்த சிரிப்பில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நானும் சிரித்தேன்.

பொள்ளாச்சிச் சந்தையில் எட்டுக் குட்டிகள் வாங்கினேன். வீட்டுக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவில் தகரம் இறக்கிக் கட்டினேன். பள்ளுருத்திக்குப் போய்த் தொட்டியையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீலத் தார்ப்பாய், தெளிந்த தண்ணீர், அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாக அசோலா. மச்சான் என் தோளில் தட்டி, "மோந்து பாரு, நக்கிப் பாரு, திருப்தியா?" என்றார்.

தினமும் காலையில் அவருடைய ஆட்டோ முனையில் நிற்கும். இரண்டு பக்கெட் பச்சை இறங்கும். முதல் வாரம் ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஆடு ஈரமானதைத் தின்ன யோசிக்கும். பச்சையைப் பிழிந்து, தவிட்டில் பிசைந்து, கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்துக் கொடுத்த பிறகுதான் வாய் வைத்தன. பிறகு என் காலடிச் சத்தம் கேட்டாலே கத்தும்.

பக்கெட்டில் ஒரு வாடை இருந்தது. மச்சானிடம் கேட்டேன்.

"சாணி கரைச்சு விட்டுத்தானே அசோலா வளர்க்கிறது. பூ வாசனையா வரும்? அலசிக் கொடு."

அலசினேன். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது அது. துணியில் அசுத்தம் பட்டால் தண்ணீர் விட்டு அலசிப் பிழிய வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி பிழிதல். மூன்றாம் முறையும் அப்படியே. அதன் பிறகு அது சுத்தம், அதைக் கட்டிக்கொண்டு தொழலாம். பாயலையும் நான் அப்படித்தான் செய்தேன். முதல் தண்ணீர் கறுப்பாகப் போகும். இரண்டாவது சாயா நிறத்தில் போகும். மூன்றாவது தண்ணீர் தெளிவாக வரும்போது என் மனமும் தெளிந்துவிடும். ஒரு துணியில் ஒட்டுகிற அழுக்குக்கும் ஒரு செடி குடித்து உடம்பில் ஏற்றிக்கொண்ட அழுக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண் அத்தனை தெளிவாகச் சொல்லியும் தோன்றவில்லை. கறுப்புத் தண்ணீரைத் தினமும் கண்ணால் பார்த்தவன் நான். சாணி என்று ஒருவர் சொன்னார், அதுவும் மனைவியின் அண்ணன் சொன்னார், எனக்கு அது போதுமாயிருந்தது.

ஆடுகள் நன்றாகத் தேறின. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஐந்து வீட்டார் வந்து பார்த்து, பக்ரீத்தில் அறுக்கும் குர்பானிக்கு என்று ஆளுக்கொன்று சொல்லி வைத்தார்கள். அட்வான்ஸை மச்சான் வாங்கிக்கொண்டார். "உன் கையில கொடுத்தா அதை எங்கே வைக்கிறதுன்னு பயந்தே நீ தூங்க மாட்டே மாப்ளே" என்றார். அதிலும் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. உண்மைதானே. என்னிடம் இருந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

குர்பானி ஆடு என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. கண்ணில் குறை கூடாது, காலில் குறை கூடாது, காது கிழிந்திருக்கக் கூடாது. வாங்குகிறவர் வருடம் முழுக்கச் சிறுகச் சேர்த்துவைத்து, தன் பேருக்கோ, இறந்துபோன தாய் தகப்பன் பேருக்கோ கொடுப்பார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதாப் பார்த்து நீங்களே ஒண்ணு ஒதுக்குங்க" என்று சொல்லும்போது, அந்த ஆட்டின் குறையெல்லாம் என் தலையில்தான். ஐந்து வீட்டாரும் அப்படித்தான் சொல்லிப் போனார்கள்.

பக்ரீத்துக்கு ஒரு மாதத்துக்குமேல் இருக்கும்போது மாமியாருக்கு உடம்பு மோசமானது. அவர் மச்சான் வீட்டில்தான் படுக்கையாக இருக்கிறார். பார்க்கப் போனேன். மச்சான் இல்லை. அவருடைய மனைவி சாயா போடப் போனார். நான் சும்மா பின்பக்கம் போனேன். நீலத் தார்ப்பாய் வெடித்து, மடங்கி, உள்ளே தேங்காய் மட்டை அடுக்கியிருந்தது.

"அக்கா, வேற தொட்டி எங்கே?"

"வேற தொட்டியா? இது ஒண்ணுதான். இதுவும் வெயில் வந்ததுமே காஞ்சு போச்சே. உங்க மச்சானுக்குத் தண்ணி ஊத்த எங்கே நேரம்?" சாயாவை நீட்டியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார். "ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

தோப்பும்படியில், ஹார்பருக்கு வெளியே ஆட்டோ நிறுத்தும் இடத்தில் மச்சானைப் பிடித்தேன். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற சத்தத்தில் நான் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் மறைக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

"குழி எங்கே இருக்கு தெரியுமா? ஊருக்கு வெளியே. அவ்வளவு தூரம் டீசலை எரிச்சுக் கொண்டுபோய் மண்ணுல கொட்டுறதா, நம்ம ஆட்டுக்குக் கொடுக்கிறதா? நீயே சொல்லு."

"குழிக்குக் கொண்டுபோறதுக்குத்தானே மச்சான் அவங்க காசு தர்றாங்க."

"தர்றாங்க. கால்வாய் சுத்தமாச்சா இல்லையா? ஆடு கொழுத்துச்சா இல்லையா? யாருக்கு நஷ்டம்?"

"அது விஷம்னு அந்தப் பொண்ணு..."

"நீதான் மூணு தண்ணி அலசினியே" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் என்ன விஷம்?"

அன்றிலிருந்து பாயலை நிறுத்திவிட்டு, காசு கொடுத்துப் பலா இலை வாங்கிப் போட்டேன். ஆனால் மனம் நிற்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆடுகள் பளபளவென்று நின்றன, எந்தக் கண்ணுக்கும் குறை தெரியாது. என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். "விட்டுருங்க. இலைதானே இப்போ போடுறீங்க. யாருக்குத் தெரியப் போகுது." என்னால் முடியவில்லை. சாக்கில் ஊசி ஏற்றும்போதெல்லாம் அந்த ஐந்து வீட்டார் என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. பள்ளிவாசலுக்குப் போய் உஸ்தாதிடம் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "அசுத்தம் தின்ன பிராணியை அப்படியே அறுக்கக் கூடாது. தனியாக் கட்டி, நல்ல தீனி போட்டு, அந்த வாடை போன பிறகு கூடும். அதுக்கு நாள் இருக்கு. ஆனா வாங்கறவங்ககிட்ட மறைக்கக் கூடாது. சொல்லிட்டு வில்லுங்க. எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் அவங்க இஷ்டம்."

சொன்னேன். ஐந்து வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். என் மச்சான் தொட்டிப் பச்சை என்று சொல்லிக் கால்வாய்ப் பாயலைக் கொடுத்துவிட்டார், நான் தெரியாமல் ஆட்டுக்குப் போட்டுவிட்டேன் என்றேன். யாரும் கோபப்படவில்லை. ஐவரில் மூத்தவர் மிளகுத் தரகர். அவர்தான், "ரெண்டு பேரையும் வச்சுக் கேட்டுருவோம். ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஒருத்தர் மேல பழி போட முடியாதுல்ல" என்றார். நியாயம்தான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை பேர் சாட்சி என்று மச்சானே சொல்லியிருந்தாரே.

எங்கள் வீட்டு முன்னால்தான் கூடினார்கள். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். யார் கேட்பதற்கும் முன்னால் அவரே தொடங்கினார்.

"நான் பாயலைக் குழிக்குக் கொண்டுபோறவன். அது என் வேலை. மாப்ளே முனையில வந்து நின்னு, ரெண்டு பக்கெட் இறக்கச் சொல்லுவாரு. ஆட்டுக்கு ஆகுமான்னு நானே கேட்டேன். மூணு தண்ணி அலசினா சுத்தம்னு அவருதான் சொன்னாரு. அவரு தொழுகிற ஆளு. நம்பிட்டேன்."

"தொட்டி? உங்க தொட்டி?" என்று கேட்டேன்.

"எந்தத் தொட்டி? அது பொழுதுபோக்குக்குக் கட்டினது. அதுல ஒரு கோழிக்குக்கூடக் காணாது."

தரகர் என்னைப் பார்த்தார். "நீங்க அலசினீங்களா?"

"அலசினேன். ஆனா..."

"சுத்தமான தொட்டியில வளர்ந்ததை எதுக்கு மூணு தண்ணி அலசணும்?"

சாணி என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய்போல என் காதிலேயே விழுந்தது. அன்று கரையில் இருந்தவர்களைக் கேளுங்கள் என்றேன். அண்ணாச்சி தேய்ப்பு வண்டியை விட்டு நகரவில்லை. "நான் அன்னைக்குப் பொட்டியில கங்கு போட்டுக்கிட்டு இருந்தேன்யா. அவுக பேசினது எதும் காதுல விழல" என்றார். பேச்சைத் தொடங்கியதே அவர்தான். அவர் தங்கியிருக்கும் அறைக்கு மச்சான்தான் ஜாமீன். சேட்டன் தலையைச் சொறிந்தார். "எனிக்கு ஓர்மையில்ல இக்கா." அவருக்கு நினைவில்லையாம். கால்வாய் நாற்றம் போன பிறகு அவருடைய கடைக்குப் பின்னால் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். பாயல் வேலை நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பெண் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டிருந்தாள். என்னிடம் இருந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

தரகர் கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லும்மா. உங்க அண்ணன் அன்னைக்கு என்ன சொன்னாரு?"

என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அண்ணனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. செருப்புகள் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு நெனவில்ல" என்றாள்.

என் கவலையை வைத்து அன்று எல்லோரையும் சிரிக்க வைத்தது அவள்தான்.

அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு எதுவும் இல்லை. "எங்களுக்குச் சண்டை வேண்டாம். ஆடும் வேண்டாம். கொடுத்த காசு வந்தா போதும்" என்றார் தரகர். மச்சான் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "ஆடு அவருகிட்டதானே இருக்கு. அவரே பார்த்துக்கட்டும்" என்று சொல்லி, வாங்கின அட்வான்ஸைத் தராமலே ஆட்டோவை எடுத்தார். ஐந்து வீட்டாருக்கும் நான் திருப்பிக் கொடுத்தேன். சாக்குக்கடை முதலாளியிடம் கடன் வாங்கிக் கொடுத்தேன். இப்போது வாராவாரம் என் கூலியில் அதைப் பிடித்துக்கொள்கிறார். வாங்கிக்கொள்ளும்போது ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா, "தெரிஞ்சேவா போட்டீங்க தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில், நம்பவில்லை என்று தெரிந்தது.

பக்ரீத் அன்று மச்சான் வீட்டிலிருந்து இறைச்சி வந்தது. அவர் குர்பானி கொடுத்திருந்தார், வெளியே வாங்கின ஆடு. மனைவி சமைத்தாள். நான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அரிசி களைந்துகொண்டே அவள் பேசினாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான்.

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தா அண்ணன் அம்மாவைக் கொண்டுவந்து இந்த வாசல்ல இறக்கிட்டுப் போயிருக்கும். முன்னாடி நாளே போன்ல சொல்லிருச்சு. இந்த ஒத்தை ரூம்ல அவங்களை எங்கே படுக்க வைப்பீங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? நைட்டெல்லாம் உக்காந்து கவலைப்பட்டிருப்பீங்க."

அவள் சொன்னது புரிகிறது. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனாலும் அவள் ஏதாவது சொல்லும்போது, உண்மையா என்று இப்போது ஒரு கணம் முகத்தைப் பார்க்கிறேன். முன்பு எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டபோதும் அந்த ஒன்றுக்கு மட்டும் கவலைப்பட்டதில்லை.

கால்வாய் இப்போது நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஆட்கள் வந்து போட்டோ எடுக்கிறார்கள். பாயலை வாருகிற வேலை இன்னும் மச்சானிடம்தான். எட்டு ஆடுகளும் தகரத்துக்குக் கீழேதான் நிற்கின்றன. வேறு ஊருக்கு ஓட்டிவிடு, யார் கேட்கப் போகிறார்கள் என்று அண்ணாச்சி சொல்கிறார். வாங்க வருகிறவரிடம் என்ன தின்று வளர்ந்தது என்று நான் சொல்லிவிடுகிறேன்; அவர் போய்விடுகிறார். வாடை போய் வெகு நாளாயிற்று என்று உஸ்தாது சொன்னார். உள்ளே போனது எப்போது போகும் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. இலைக்காரர் மட்டும் தவறாமல் வருகிறார்.

போன வெள்ளிக்கிழமை மனைவி பள்ளுருத்திக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் முன்னால் வைத்தாள். அதற்கு அடியில் மடித்த நோட்டுகள் இருந்தன. "அண்ணன் கொடுத்துச்சு" என்றாள். எதற்கு என்று அவர் சொல்லவில்லையாம், அவளும் கேட்கவில்லையாம். எண்ணினேன். இரண்டாயிரத்து ஐந்நூறு இருந்தது. அந்த ஐந்து வீட்டாரிடமும் ஆளுக்கு ஐயாயிரம் என்று வாங்கிக்கொண்டவர் அவர்தான். திருப்பிக் கொடுத்தவன் நான். இதைக் கழித்தால் மச்சான் எனக்கு இன்னும் தர வேண்டியது இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.